ரயிலடி வக்கீல் நின்ற இடம்

யார் யார் இருக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஐயாவின் அறையில் எந்தப் பேச்சும் அப்படித்தான் தொடங்கும். இன்றைக்கு மட்டும் அதை மாற்ற எனக்கு மனமில்லை.

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற குடும்பநல நீதிபதி அம்மையார் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஐயாவின் துணைவியார் இருக்கிறார். அழுவதில்லை என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வந்திருக்கிறார். வக்கீல்கள் சங்கச் செயலாளர் இருக்கிறார். ஐயாவின் ஜூனியர், மடியில் கோப்போடு இருக்கிறார். முன்வரிசையில், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்று, ஐயாவின் அறையில் கூடமாட உதவிவந்த அண்ணன் இருக்கிறார். அவருக்குப் பின்னால், ஐயாவிடம் வந்துபோன அம்மாக்களும் அப்பாக்களும் இருக்கிறீர்கள். யார் எந்தப் பிள்ளையின் அம்மா, யார் எந்தப் பிள்ளையின் அப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. சிலர் ஒருவருக்கொருவர் எட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் என்ன? ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது போதும். வெளியே தாழ்வாரத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறைக்குப் பக்கத்துத் தையற்கடைக்காரரின் மனைவி சாக்குக்கட்டியைக் கொடுத்துத் தரையில் படம் வரைய விட்டிருக்கிறார். அவர்களும் வந்தவர்கள்தான்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐயா. இன்னொருவர் ஒரு சின்னப் பெண். அவளைப் பற்றித்தான் இன்று நான் பேச வேண்டும். அவளைப் பற்றிப் பேசினாலே ஐயாவைப் பற்றிப் பேசியதாகிவிடும்.

இருப்பவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மேல்வீட்டம்மா. ஐயாவின் அலுவலகத்துக்கு மேல்மாடியில் குடியிருப்பவள். சட்டம் படித்தவள் அல்ல. அந்த அறையின் வரவு செலவைப் பார்த்துக்கொள்பவள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன்? ஒரு டம்ளர் பாலோடு போய்ச் சேர்ந்தேன்.

ஒரு நாள் முற்பகல், சமையலுக்கு நடுவே, கதவைத் தட்டினார். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

"அம்மா, ஒரு டம்ளர் பால் கிடைக்குமா? கட்சிக்காரருக்கு வேணும்."

"கட்சிக்காரங்களுக்கு டீ இல்ல குடுப்பாங்க?"

"இவருக்கு இன்னும் டீ பழகல."

பாலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் ஒரு ஆணும் நின்றுகொண்டு, ஊர் கேட்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யாருக்குப் பால்? நான் விழித்தேன். ஐயா குனிந்து மேசைக்கு அடியைக் காட்டினார். அங்கே மேசைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செருப்பைக் கால்மாற்றிப் போட்டபடி, ஒரு பிள்ளை.

"இவர்தான் கட்சிக்காரர். மேல நிக்கிற ரெண்டு பேரும் சாட்சிங்க" என்றார்.

சண்டை நின்றுவிட்டது. என்னால் அந்த வார்த்தையை மறக்க முடியவில்லை. ஐயா நாற்பது வருடம் செய்த தொழில் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கும்.

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது என்று பிறகு சொன்னார். பேச்சைத் தொடங்குமுன் இருப்பவர்களைச் சொல்வார்: அம்மா, அப்பா, அந்தப் பக்கத்து வக்கீல், நான். அப்புறம் வராதவரைச் சொல்வார்: பிள்ளை. "வராதவங்களைப் பத்திப் பேசறதா இருந்தா, அவங்க கேட்டுக்கிட்டிருக்கிற மாதிரி பேசணும்" என்பார். எத்தனை வாய்கள் அந்த ஒரு வரியால் அடங்கின என்று எனக்குத் தெரியும். செயலாளர் தலையாட்டுகிறார், அவருக்கும் தெரியும்.

ஒரே ஊரில் பிரிந்து வாழும் தாய் தகப்பனுக்கு ஒரு நீதிமன்றம். இரண்டு மாநிலங்களில் பிரிந்து வாழ்பவர்களுக்கு? அம்மா இங்கே ஓடி ஓர் உத்தரவு வாங்குவார். அப்பா அங்கே ஓடி இன்னோர் உத்தரவு வாங்குவார். இரண்டிலும் முத்திரை இருக்கும். இரண்டிலும் பிள்ளை என் பக்கம் என்று இருக்கும். பிள்ளை எந்தப் பக்கம் படுத்துத் தூங்கும்? இதை யார் கேட்டார்? நம் ரயிலடி வக்கீல் ஐயா கேட்டார்.

அந்தச் சின்னப் பெண்ணின் கதை அப்படித்தான் வந்தது. அம்மா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அப்பா வேறொரு மாநிலத்தில் எலக்ட்ரீஷியன். ஒரு திங்கட்கிழமை அவளுடைய பள்ளிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்கள். அது அப்பாவின் ஊர் நீதிமன்ற உத்தரவு. தலைமையாசிரியைக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. பிள்ளையை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று புரியாமல் அவர் பள்ளிக்கூடத்துக் கேட்டையே பூட்டிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வெளியே நின்று கத்த, உள்ளே அந்தப் பெண் வகுப்பு ஜன்னலில் ஏறி நின்று, "போலீஸ் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அன்று மாலை நர்ஸம்மாவும் அவருடைய அண்ணனும் ஐயாவின் அறையில் இருந்தார்கள். அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையை எங்க சித்தி வீட்டுல ஒளிச்சு வச்சிடறோம் சார். எந்த போலீஸ் வருதுன்னு பார்த்துடலாம்."

"ஒளிச்சு வைக்கிறதுக்கு அது என்ன திருட்டு நகையா?" என்றார் ஐயா. "இன்னைக்கு நீங்க ஒளிப்பீங்க. நாளைக்கு அவங்க கையில கிடைச்சா அவங்க ஒளிப்பாங்க. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல பரீட்சை எழுதும், அதைச் சொல்லுங்க."

ஐயா முதலில் அந்த அப்பாவின் வக்கீலைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி கேட்டார். அனுமதி கேட்காமல் எதிர்த்தரப்புக் கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். கிடைத்த பிறகு அந்த அப்பாவை அழைத்தார்.

"இங்க இருக்கிறவங்க: பிள்ளையோட அம்மா, பிள்ளையோட மாமா, மேல்வீட்டம்மா, நான். ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்கு. வராதவங்க, உங்க பொண்ணு."

"நீங்க அவ வக்கீலு. உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?"

"வழக்கு பேச வேண்டாம். பிள்ளைக்குக் காதுல சீழ் வருதாமே. எந்தக் காது?"

தொலைபேசியை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எடது காது" என்றது குரல். "தலைக்கு ஊத்தும்போது பஞ்சு வைக்கணும். சும்மா வச்சா பிடுங்கிப் போட்டுடுவா. கதை சொல்லிக்கிட்டே வைக்கணும்."

"என்ன கதை?"

"அது வந்து... யானைக்குச் சளி புடிச்ச கதை சார்."

நர்ஸம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயா தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "மாமா, யானைக்குச் சளி புடிச்ச கதையை எந்தக் கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கறது? சொன்னீங்கன்னா இப்பவே போட்டுடறேன்."

அண்ணன் சித்தி வீட்டுப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த மாதங்களில் ஐயா செய்ததைச் சட்டப் பாஷையில் சொல்ல எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும் என்பதை முதலில் நிலைநாட்டினார். பிள்ளை இங்கே பள்ளிக்குப் போகிறாள், ஆகவே விசாரணை இங்கே. அதோடு விட்டுவிட்டு, ஜெயித்தோம் என்று கைதட்டியிருக்கலாம் அல்லவா? விடவில்லை. விடுமுறைகள் அப்பாவோடு என்று அந்தப் பக்கத்து வக்கீலோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதினார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட அந்த ஒரே வாசகத்தை இங்கேயும் பதிவு செய்யவைத்தார், அங்கேயும் பதிவு செய்யவைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஜோடிச் செருப்பு. "ஒத்தைச் செருப்ப வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் நடக்கும் பிள்ளை? இந்த ஊர்ல ஒண்ணு, அந்த ஊர்ல ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு" என்பார்.

காகிதத்தோடு அவர் வேலை முடிந்ததா? அங்கேதான் தொடங்கியது. உத்தரவு எழுதிவிட்டால் போதுமா? பிள்ளையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற வேண்டாமா? அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆறிய புண்ணெல்லாம் திறந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள ரயில் சந்திப்பில், பிளாட்பாரத்தில், நடுவில் போய் நின்றார். ஒவ்வொரு விடுமுறைக்கும் நின்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நின்றார்.

செயலாளர் அவர்களே, நீங்கள்தானே ஒரு நாள் நீதிமன்ற வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்? "என்ன வக்கீலே, இங்க கேஸ் இல்லன்னு ரயிலடிக்குப் போயிட்டீங்களா?"

"ஆமா. என் கட்சிக்காரர் அங்கதான் வந்து இறங்குறாரு. மூணடி உயரம். ஃபீஸ் கேட்டா நாக்கைத் துருத்துவாரு."

அன்று வந்த பட்டப்பெயர்தான் ரயிலடி வக்கீல். கேலியாக வந்த பெயரை அவர் பட்டமாகச் சூடிக்கொண்டார். இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாம் கூடியிருக்கிறோம். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். துடைத்துக்கொள்ளுங்கள், கேலி செய்தவரும் அழுகிற சாவு நல்ல சாவு.

அந்தப் பெண்ணை முதன்முதலில் ஒப்படைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளாட்பாரத்துப் பெஞ்சுக்கு ஒரு பக்கம் நர்ஸம்மா, மறுபக்கம் அப்பா. ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருக்கிறவங்க: அம்மா, அப்பா, மேல்வீட்டம்மா, நான். வராதவங்க யாரும் இல்ல."

"என்னை விட்டுட்டீங்க தாத்தா" என்றது ஒரு குரல். "நான் எவ்வளவு நேரமா நிக்கிறேன். பேர் கூப்பிடும்போது நல்லாப் பாத்துக் கூப்பிடணும். எங்க டீச்சர் உங்களைப் பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க."

"சரி, எழுதிக்கோங்க மேல்வீட்டம்மா: வாயாடி ஒண்ணு."

அப்பா சிரித்துவிட்டார். நர்ஸம்மாவும் சிரித்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததை உணர்ந்து இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு வாயாடி.

பிளாட்பாரத்தில் பேசலாம், ஆனால் மூன்றே பேச்சு. சாப்பாடு, மருந்து, பாடம். "நாலாவதா ஒண்ணு வந்தா நான் இருமுவேன்" என்பார். இருமுவார். ஒருமுறை நர்ஸம்மா காது சொட்டுமருந்தைக் கொடுத்து எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஐயா பலமாக இருமினார். அந்த அம்மா திடுக்கிட்டு நிறுத்தினார். அப்பா, "சார், அவங்க மருந்துதானே சொன்னாங்க?" என்று மனைவிக்காக வாதாடினார்.

"யோவ், இது நிஜ இருமல்யா."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். எதிரே நின்றவருக்காக ஒருவர் வாதாடிய முதல் நாள் அது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்படிப்பட்டவர் தவறே செய்யாதவரா? இரங்கல் கூட்டத்தில் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவரே ஒப்புக்கொண்ட தவறு, ஆகவே சொல்கிறேன்.

வாயாடியின் உத்தரவில், பிள்ளையை ஒப்படைக்கும்போது உடனிருக்க வேண்டியவர் என்று ஐயாவின் பெயர் மட்டும் இருக்கிறது. வேறு யாரும் இல்லை. இன்னும் சில உத்தரவுகளிலும் அப்படித்தான். ஏன்? அந்த அப்பா, "உங்க ஆபீஸ் ஆளுங்களை நம்ப மாட்டேன், உங்களை நம்புறேன்" என்றார். இந்த அம்மா, "வேற யாரு வந்தாலும் அனுப்ப மாட்டேன்" என்றார். இருவர் கேட்டதையும் ஐயா அப்படியே எழுதிக்கொடுத்தார். இங்கே தலைமை தாங்கும் அம்மையார்தான் அன்று நீதிபதி. அவர் கேட்டார்: "வக்கீல் சார், நீங்க இல்லாத நாள்ல?" ஐயா சொன்னார்: "நான் எங்கம்மா போகப்போறேன்?" நீதிமன்றமே சிரித்தது. அம்மையாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு அதைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க நேரமில்லாமல் போயிற்று. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது அவர் பேசியது இதைத்தான்.

"மேல்வீட்டம்மா, அந்த வாயாடி உத்தரவுல என் பேரை மட்டும் போட்டுத் தொலைச்சிட்டேன். வடிகட்டின முட்டாள்தனம்."

"எழுந்து வந்து மாத்திக்கலாம், பேசாம படுங்க."

"சாமிகிட்டக் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பாருங்களேன். நீங்கதானே அங்க தினமும் ஆஜராகுறீங்க."

அவர் கோவில் வாசலை மிதிக்காதவர். ஒவ்வொரு நாள் காலையிலும் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "இன்னைக்கு வாய்தாவா, விசாரணையா?" என்று கேட்பவர். அன்று அவர் சிரிக்காமல் கேட்டார். நானும் கேட்டேன். உண்மையாகக் கேட்டேன். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. ஆண்டவனிடம் எனக்குக் கோபம் உண்டா? இருந்தது. ஆனால் பல வருடமாக அவன் கணக்கைப் பார்த்து வருபவள் நான். ஒரு பக்கம் எடுத்தவன் இன்னொரு பக்கம் வைக்காமல் போக மாட்டான். வைத்த இடம் எது என்று தேடினேன். கீழே அந்த அறையிலேயே இருந்தது.

ஐயா போன மறுவாரமே ஜூனியர் அலமாரியைத் திறந்து, ஐயாவின் பெயர் உள்ள உத்தரவுகளையெல்லாம் எடுத்து வைத்தார். இனி ஒரு ஆளின் பெயர் வேண்டாம், "அம்மா அப்பா இருவரும் ஏற்கும், அறையைச் சேர்ந்த ஒருவர்" என்று மாற்ற ஒரு வாசகம் எழுதினார். ஜோடிச் செருப்பாகவே எழுதினார். இரண்டு ஊர் நீதிமன்றத்துக்கும் ஒன்றே. அடுத்து ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டுக் கேட்டார். சண்டையின்றி ஒரு தேநீர்கூடச் சேர்ந்து குடித்திராதவர்கள், ஒருவர் பின் ஒருவராகச் சரி என்றார்கள். ஒரு அப்பா, "ஐயா எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே போதும்மா, யாரு நின்னாலும் நாங்க இரும வைக்காம பாத்துக்குறோம்" என்றாராம். இதைவிடப் பெரிய சிலை அவருக்கு யார் வைக்க முடியும்?

நடுவில் நிற்க ஆள் இருக்கிறோம். ஜூனியர் நிற்பார். டிக்கெட் பரிசோதகர் அண்ணன் நிற்பார். பிளாட்பாரம் அவருக்குப் பிறந்த வீடு மாதிரி. தையற்கடைக்காரரின் மனைவி நிற்பார். நான் நிற்பேன். அவர் ஒருவர் நின்ற இடத்தில் நாங்கள் நான்கு பேர் நிற்போம். அப்படியும் அந்த இடம் நிரம்பாது என்று தெரியும். ஆனால் காலியாக இருக்காது. இருப்பவர்களை உரக்கச் சொல்லித்தான் தொடங்குவோம். வராதவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோலத்தான் பேசுவோம். இது ஐயாவின் துணைவியார் முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

ஒரே ஓர் உத்தரவுக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. வாயாடியின் உத்தரவு.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தனித்தனியாக வந்தார்கள். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். வாசலிலேயே இருவரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். அம்மா, "சொல்லுங்கக்கா, என்னால நேர்ல பேச முடியல" என்றார். அப்பா, "ஊரு பேரு இல்லாம சொல்லுங்கம்மா" என்றார்.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஐயா இல்லை, இனி எல்லாம் அம்மாவின் ஊர், அம்மாவின் ஆட்கள் என்று நினைக்கிறார். அம்மாவின் பயமும் புரிகிறது. ஐயா இல்லை, பிள்ளை போனால் திரும்பி வருவாளா என்று நினைக்கிறார். இரண்டு பயமும் பொய்யில்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. உத்தரவில் உள்ள பெயருக்கு உரியவர் இல்லை. நீங்கள் இருவரும் சரி என்று சொல்லாவிட்டால் அன்று பிளாட்பாரத்தில் அவளை ஒப்படைக்க வழியில்லை. வழியில்லை என்றால் என்ன ஆகும்? அம்மா இந்த ஊர் நீதிமன்றத்துக்கு ஓடுவார். அப்பா அந்த ஊருக்கு ஓடுவார். மறுபடியும் பள்ளிக்கூடத்துக் கேட்டில் ஒரு காகிதம் வந்து நிற்கும். அன்றைக்கு அவள் சின்னவள், போலீஸ் வந்ததைப் பெருமையாகச் சொன்னாள். இன்றைக்கு அவளுக்குப் புரியும்.

அவளை ஏன் அழைத்து வரவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "இங்க அவங்க அப்பாவைப் பார்த்தா கூடவே போறேன்னு அழுவா. இல்லன்னா என்னை விடமாட்டேன்னு அழுவா. ரெண்டையும் என்னால பாக்க முடியாதுக்கா" என்றார். அவள் மாமாவோடு வீட்டில் இருக்கிறாள். பெட்டியை அவளே அடுக்கி வைத்துவிட்டாளாம்.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "காது எப்படி இருக்கு?"

அதை நான் சொல்வது முறையில்லை. அம்மாவும் இங்கேதான் இருக்கிறார், அவரிடமே கேளுங்கள். மருந்துப் பேச்சுக்கு என்றைக்கும் அனுமதி உண்டு; யாரும் இரும மாட்டார்கள்.

இருவருக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாசகத்தின் இரண்டு பிரதிகளும் ஜூனியரிடம் இருக்கின்றன. படித்துப் பாருங்கள். நால்வரில் யார் நிற்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்; நான் வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை. சேர்ந்து வந்து சொல்ல வேண்டியதில்லை, தனித்தனியாகத் தொலைபேசியில் சொன்னாலும் போதும். புதன்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ரயிலுக்கு அவளுக்கு ஜன்னலோர இடம் பிடிக்க வேண்டும்.